கேட்டவை, இன்னும் படிக்காதவை

குமரகோட்டத்தான் காப்பு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9-6-2024

அன்புத் தம்பி உமாபதிக்கு,

அக்கா ரேணுகாம்பாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மாமாவின் சர்க்கரை இறங்கமாட்டேன் என்கிறது, அவரும் ஜிலேபியை விடமாட்டேன் என்கிறார். யார் முதலில் விட்டுக்கொடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி? கலாவதி தைராய்டு மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

கையில் போன் இருக்கும்போது அக்கா ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் புத்தகப் பேச்சை எடுத்தால் "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். மூன்று தடவை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

சங்கதி இதுதான். சித்திரையில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. முழங்கால் குழித்தறியில் இறங்க மறுக்கிறது. என் தறிக்கு சத்யப்ரியா வேறு ஆள் போட்டுவிட்டாள். பெற்ற மகளே எனக்கு வேலை இல்லை என்று சொன்ன பிறகு சும்மா இருப்பானேன் என்று கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிட்டேன். பெட்டியிலிருந்து பழைய நோட்டையும் எடுத்தேன்.

உனக்கு நினைவிருக்கும். நான் எட்டாவதோடு நின்று தறியில் உட்கார்ந்தவள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைப் போடுவாய். கை நாடாவில் இருக்கும், வாய் நாவல் சொல்லும். ஒரு சேலைக்கு ஒரு நாவல். சேலை தொடங்கும்போது தொடங்கி, முந்தானை நெய்யும்போது முடிப்பாய். சேலையை அறுத்து இறக்கிய அன்று அந்த நாவலின் பெயரை நான் நோட்டில் எழுதிவைப்பேன். மேலே தலைப்பு: 'கேட்டவை, இன்னும் படிக்காதவை'. மொத்தம் பதினான்கு, எல்லாம் பேர்போன பழைய நாவல்கள். பதினான்கோடு நீ கல்லூரிக்குப் போய்விட்டாய். நாற்பத்தொரு வருஷமாக அதில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை.

இப்போது வரிசையாகப் படிக்கப்போகிறேன். பட்டியலின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பெயரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், எண்தான். ஒன்றாவதை இன்று எடுத்து வந்தேன்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அக்கா ரேணுகாம்பாள்

*

புனே
24-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உமாபதியின் வணக்கம். மாமாவுக்கும் வணக்கம், ஜிலேபி விஷயத்தில் என் ஓட்டு மாமாவுக்கு. முதுகுவலி இருக்கிறது, பழகிவிட்டது. கலாவதி மாத்திரை போடுகிறாள், எனக்கும் சேர்த்து நினைவூட்டுகிறாள். இங்கே மழை தொடங்கிவிட்டது. வானிலை அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன பிறகும் மாடி வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத்தான் துணி காயப்போடுகிறார்.

உன் கையெழுத்தில் கடிதம் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! கண் சரியானதில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் இந்த வயதில் அந்தப் பழைய நாவல்கள்தான் வேண்டுமா என்று யோசி. தமிழ் கனமாக இருக்கும், அச்சும் பொடியாக இருக்கும். இப்போது எழுதுகிறவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். ஐந்தாறு வாங்கி அனுப்பட்டுமா?

பட்டியல்படிதான் போவேன் என்றால் உன் இஷ்டம். பதினான்காவதை மட்டும் விட்டுவிடலாம். அது அவ்வளவு சிறப்பில்லை. மறுபதிப்பும் வந்ததாகத் தெரியவில்லை. அதற்காக வெயிலில் அலையாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
உமாபதி

*

காஞ்சிபுரம்
8-7-2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. நாங்கள் சௌக்கியம். உன் மழையில் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடு, பாவு நனைத்தால் நனைத்த கையோடு காய்ந்துவிடுகிறது.

உன் கடிதம் வந்தபோது நான் ஒன்றாவது நாவலில் நாற்பதாம் பக்கத்தில் இருந்தேன். நீ ஏன் பதினான்குக்குத் தாவினாய்? இந்தப் பட்டியலே பதினான்குக்காகத்தான். ஒரு பெண் நடுப்பகலில் ஓடத்தில் ஏறி அக்கரைக்குப் போவாளே, தனக்குப் பிடித்தவனைத் தேடி. அவன் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். திரும்பி வருவாள், பிறந்த வீட்டுக் கதவும் பூட்டியிருக்கும். உச்சி வெயிலில் தெருவில் நிற்பாள். அதை ஒரு தடவை அச்சில் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்காதே, எனக்கு வேண்டும். ஆனாலும் வரிசை மாற்றமாட்டேன். இழை தாண்டி நெய்து பழக்கமில்லை.

ஒன்றாவதை முடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ சொன்னதில் ஒரு யானை வரும். அதற்கு உடம்புக்கு முடியாமல் போய், ஊரே விளக்கேற்றி வேண்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நான் அழுது நாடாவைத் தவறவிட்டு இழை அறுந்துபோய் அப்பாவிடம் திட்டு வாங்கினேன். இந்தப் புத்தகத்தில் யானையே இல்லை. நூலகத்தில் இருக்கும் பழனியிடம் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று கேட்டேன். "யானையா? இதுல யானையே கெடையாதும்மா. நான் ரெண்டு தபா படிச்சிக்கிறேன்" என்றான்.

யானை எங்கே போயிற்று?

கலாவதிக்கு என் அன்பு.

அக்கா

*

புனே
2-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் கலாவதியும் நலம். மழை இயல்பைவிடப் பத்து விழுக்காடு அதிகம். முதுகுக்குப் பட்டை கட்டியிருக்கிறேன், அதனால்தான் பதில் தாமதம்.

யானை விஷயம். அந்தக் காலத்தில் ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று விதமான பதிப்புகள் வரும். பின்னால் வந்த பதிப்பாளர்கள் பக்கத்தைக் குறைப்பதற்காக அத்தியாயங்களை எடுத்துவிடுவார்கள். நீ படித்தது சுருக்கப் பதிப்பாக இருக்கும். யானை அதில் போயிருக்கும்.

மேலும் நாற்பது வருஷம் ஆயிற்று. எனக்கும் ஞாபகம் பிசகும், உனக்கும் பிசகும். கதையைக் கதையாகப் படி.

பதினான்கைப் பற்றிப் போன கடிதத்தில் சொன்னதேதான்.

உமாபதி

*

காஞ்சிபுரம்
19-8-2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். முதுகுப் பட்டையை இறுக்கிக் கட்டாதே, மூச்சு முட்டும்.

சுருக்கினால் யானை போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுருக்கினால் ஒரு டாக்டரும் ஒரு சிவில் வழக்கும் எப்படி முளைக்கும்? இரண்டாவதைச் சொல்கிறேன். நீ சொன்னபோது கணவனை இழந்த ஒருத்தி குளக்கரையில் மிட்டாய்க் கடை வைப்பாள். முதல் நாள் ஒருவரும் வரமாட்டார்கள். தான் செய்ததைத் தானே ஒன்று வாங்கித் தின்பாள். புத்தகத்தில் அவளும் இல்லை, கடையும் இல்லை. டாக்டர் நூற்றைம்பது பக்கம் இருமுகிறார். மூன்றாவதில் நீ சொன்ன கடலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. நான்காவது ஒரு மாதிரி ஒத்துப்போகிறது, இரண்டிலும் கல்யாணம் நடக்கிறது.

மாலையில் திண்பண்டம் கொறித்துக்கொண்டு மாமா பக்கத்தில் உட்காருவார், நான் உரக்கப் படிப்பேன். மிட்டாய்க் கடை வரும் என்று முதலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டேன். பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை "மிட்டாய்க் கடை எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிப் பக்கத்தில், "உன் தம்பி வேற புக்கு படிச்சிருப்பான்மே" என்று எழுந்து போய்விட்டார்.

வேறு புத்தகமா தம்பி? இருந்தால் அதன் பெயரைச் சொல். அதைத்தான் நான் படிக்க வேண்டும்.

அக்கா

*

காஞ்சிபுரம்
10-10-2024

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலாவதி போன் செய்திருப்பாள். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போன் செய்தால் பேரப்பிள்ளை எடுத்துத் தாத்தா தூங்குகிறார் என்கிறான். பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிற ஆள் இல்லை நீ.

ஐந்தாவது நாவலுக்கு நூலகத்தில் பழைய பதிப்பு கிடைத்தது, அட்டை போய்த் தைத்து வைத்தது. முடித்துவிட்டுப் புரட்டினால், கடைசித் தாளில் ஒரு விளம்பரம். 'காலத்தை வென்ற நாவல்கள், எமது வெளியீடு' என்று முப்பது பெயர், வரிசை எண் போட்டு. அதில் முதல் பதினான்கும் என் நோட்டில் இருக்கிற பதினான்கு. அதே வரிசையில். ஒன்றுகூட முன்பின் மாறவில்லை.

அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

*

புனே
2-11-2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி கலாவதி வணங்கி எழுதுகிறேன். தீபாவளி நல்லபடியாகப் போயிற்றா? நீங்கள் அனுப்பிய சேலையைத்தான் கட்டினேன். அண்ணனுக்குக் காலில் புண் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடிதம் எழுதி ரொம்ப நாள் ஆயிற்று, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார், எழுதியதைக் கிழிக்கிறார். குப்பைக்கூடையில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன், அதில் 'கதவு' என்று மட்டும் இருந்தது. எதைக் கேட்டாலும் "உனக்கு இன்னா தெரியும் விடு" என்கிறார். முப்பது வருஷமாக இங்கே இருந்தும் கோபம் வந்தால் காஞ்சிபுரத்துப் பேச்சுத்தான் வருகிறது.

நீங்கள் ஏதாவது கடுமையாக எழுதிவிட்டீர்களா என்று ஜெராக்ஸைப் பார்த்தேன். புத்தக விளம்பரம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எழுதும்வரை பொறுத்திருங்கள் அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கலாவதி

*

புனே
17-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு நலம்தான். மனசு அப்படி இல்லை.

நான் அந்த நாவல்கள் எதையும் படிக்கவில்லை. ஒன்பதாவதில் கட்டுரைப் போட்டிக்கு ஒரு பரிசுப் புத்தகம் கொடுத்தார்கள். அதன் கடைசித் தாளில் அதே விளம்பரம் இருந்தது. பெயர்கள் நன்றாக இருந்தன. நூலகத்தில் சேர அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டேன், "கதபுக்குக்கு எவன் கையெய்த்து போடுவான்" என்றார். உன்னிடம் நூலகத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன் அல்லவா? சர்வதீர்த்தக் குளத்துப் படியில் உட்கார்ந்து அன்றைக்கு வேண்டிய பகுதியை யோசிப்பேன். மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு அந்த யானையை நோயாளி ஆக்கினேன்.

என் கதை என்று சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் கேட்டுவிட்டு, நாடாவைப் பார்த்துப் போடு என்றிருப்பாய். அச்சில் வந்தது, பெரியவர்கள் எழுதியது என்றதால் நம்பினாய். நீ நம்பிக் கேட்கும் முகம் எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்றுவரை அந்தப் பதினான்கில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. இங்கே தமிழ்ச் சங்கத்தில் எல்லாம் இருக்கிறது. அலமாரி வரைக்கும் போவேன். திறந்தால் என்னுடையது அழிந்துபோகும் என்று திரும்பிவிடுவேன். உன் நோட்டில் இருக்கும் பட்டியல் என்னிடமும் இருக்கிறது, அதே வரிசையில்.

பதினான்காவதும் அப்படிச் சொன்னதுதான். அதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. இதோடு விட்டுவிடு அக்கா. மன்னித்துக்கொள்.

உமாபதி

*

காஞ்சிபுரம்
1-12-2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி இப்போதுதான் வடிந்தது.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். படவா, பதின்மூன்று சேலைக்கு என்னை ஏமாற்றியிருக்கிறாய்! அந்தப் பதின்மூன்றுக்கும் மன்னிப்பு இப்போதே கொடுத்துவிட்டேன். நாள் முழுக்கக் குழியில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த யானையும் மிட்டாய்க்காரியும்தான் துணை. அவர்களைச் செய்தது நீதான் என்பதில் எனக்குப் பெருமை.

மாமா தூங்கிய பிறகு மதியத்தில் தனியாக உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. பதினான்கை மட்டும் நீ முந்தானை வரும்வரை கொண்டுபோகவில்லை. இரண்டு முழம் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டாய். மற்றதெல்லாம் சேலையோடு கதையும் முடியும். அதில் மட்டும் இரண்டு முழம் நான் கதை இல்லாமல் நெய்தேன். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேறு யோசனை இருந்தது.

அது என்ன என்று சொல்கிறேன். இதுவரை உன் மாமாவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. மின்சார வாரியத்தில் தென்னேரிக்காரர் ஒருவர் இருந்தார், குமாரவேல் என்று. நம் தெருவில் கம்பம் மாற்ற வந்தவர். வேறு சாதி. ஒரு வருஷம் பழக்கம், பேசியது என்னவோ பத்துத் தடவைதான். மேட்டூருக்கு மாற்றல் வந்தது. வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு வா, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார். நான் போவதாகத்தான் இருந்தேன். மாற்றுச் சேலை ஒன்றை மடித்துப் பாவுக் கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை நீ கதையை முடித்தாய். இரண்டு கதவும் பூட்டியிருந்தன. யாரோ பெரிய மனிதர், உலகம் பார்த்தவர், யோசித்து எழுதியிருக்கிறார், போகிறவளுக்கு இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை நான் தறியில் இருந்தேன்.

ஆறு வருஷம் கழித்து மாமாவைக் கட்டினேன். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது வேறு, இது வேறு.

உமாபதி, எனக்கு ஒரே ஒரு கேள்வி. உனக்கு அப்போது தெரியுமா?

அக்கா

*

புனே
5-1-2025

அக்காவுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம்.

தெரியும்.

புதன்கிழமை நாடாவுக்கு நூல் சுற்றிய தார் எடுக்க உன் பெட்டியில் கை விட்டேன். அடியில் துண்டுச் சீட்டு இருந்தது. கிழமையும் வண்டியும் ஊரும், கீழே குமாரவேல் என்றும் எழுதியிருந்தது. படித்துவிட்டு அப்படியே வைத்தேன்.

அந்த வாரம்தான் சென்னைக் கல்லூரியிலிருந்து இடம் கிடைத்த கடிதம் வந்தது. அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கக்கா தறி ஓடிக்கினு இருக்கறவரைக்கும் நீ படிப்பா. அது நின்னா நீயும் தறிக்கு வந்துடணும்" என்றார். நீ போய்விட்டால் உன் குழியில் நான் இறங்க வேண்டும். அப்பாவிடம் சீட்டைக் காட்டியிருந்தால் அடியும் ரகளையும் ஆகியிருக்கும், நீ என்னை வாழ்நாள் முழுக்க வெறுத்திருப்பாய். கதையைச் சொன்னால் உனக்கே தெரியாமல் உன்னை உட்கார வைத்துவிடலாம் என்று தோன்றியது. பதினேழு வயது. புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

குளத்துப் படியில் நான் முதலில் யோசித்து வைத்த முடிவு வேறு. முந்தானைக்காக வைத்திருந்தேன். அதில் கதவு திறந்திருக்கும். வியாழக்கிழமை அதை மாற்றினேன். நீ நாடாவைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் எங்க போனா?" என்று கேட்டாய். "அவ்ளோதான், முடிஞ்சிடுச்சி" என்றேன். அது தினமும் காதில் கேட்கிறது என்று சொன்னால் பொய். வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கும். அன்றைக்கு நான் யாரோடும் பேசமாட்டேன்.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், உலகம் பார்த்தேன். எல்லாம் அந்த இரண்டு முழத்தில் வந்தது.

மன்னிப்புக் கேட்கிறேன் அக்கா. கொடுக்காவிட்டாலும் கடிதம் மட்டும் போடு.

உமாபதி

*

காஞ்சிபுரம்
23-2-2025

தம்பி உமாபதிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்பு சுகம். மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உன் கடிதத்தையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைக்கிற வயது தாண்டிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஜிலேபி கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து பஸ் ஏறிச் சென்னைக்குப் போனார். பழைய புத்தகக் கடைகளில் பதினான்கைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. ஒரு வாரம் விட்டு மறுபடி போனார். மூன்றாம் தடவை போனபோது கிடைத்தது. கொண்டுவந்து என் மடியில் வைத்து, "படி. அப்பிடி இன்னாதான் எய்திக்கிதுன்னு நானும் பாக்கறேன்" என்றார்.

ஒன்பது நாள் உரக்கப் படித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இரண்டு சம்பந்திகள் ஒரு தென்னந்தோப்புக்காகக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். முதலில் ஒருவர் ஜெயிக்கிறார், அப்புறம் மற்றவர் ஜெயிக்கிறார். ஆறு இல்லை. ஓடம் இல்லை. பெண்கள் வருகிறார்கள், மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். கதவுகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. கடைசிப் பக்கத்தில் ஒரு பசுமாட்டை விற்கிறார்கள். மாமா, "ஒரு மாட்ட விக்கிறதுக்கா இத்தினி பக்கம்?" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போய் அழுதேன்.

எனக்குக் கோபம் வந்தது உமாபதி. நான்கு நாள் வந்தது. நீ கல்லூரிக்குப் போனதற்காக இல்லை. நான் படிக்க வேண்டும், இரு அக்கா என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே இருந்தாலும் இருந்திருப்பேன். எனக்கே தெரியாது. அதை யோசித்துப் பார்க்கக்கூட நீ என்னை விடவில்லை. அதுதான் கோபம். அந்தப் பெண்ணை நாற்பத்தொரு வருஷம் தெருவில் நிறுத்திவைத்திருந்தேன். ஒவ்வொரு சித்திரை வெயிலுக்கும் அவளை நினைப்பேன், பாவம் கால் சுடுமே என்று. நல்லவேளை நாம் போகவில்லை என்றும் நினைப்பேன். அவள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீயும் நானும்தான் அவளை அங்கே நிறுத்தினோம்.

குமாரவேல் இப்போது எங்கே இருக்கிறார் என்று மாமாவே கேட்டார், விசாரிக்கட்டுமா என்று. வேண்டாம் என்றேன். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கும். அன்றைக்கு அந்த வண்டியில் அவர் ஏறினாரா, அடுத்த வண்டிக்கும் காத்திருந்தாரா என்று மட்டும் ஒரு தடவை நினைத்தேன்.

நீ கேட்ட மன்னிப்பு இப்போதைக்கு என்னிடம் இல்லை. வந்தால் எழுதுகிறேன். கடிதம் போடச் சொன்னாய், போட்டுவிட்டேன்.

பட்டியலில் ஐந்து முடிந்தது, பதினான்கும் முடிந்தது. நடுவில் இருக்கும் எட்டையும் படிப்பேன். நீ சொன்னது இருக்காது என்று தெரிந்த பிறகு அவை நன்றாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. நீயும் அலமாரியைத் திறந்து படி, பயப்படாதே. உன் யானை அழியாது, அது என்னிடம் இருக்கிறது.

நோட்டில் பதினைந்து என்று எண் போட்டுப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். பதினான்கு என்று நீ சொன்ன கதைதான் அது. அதை முதலிலிருந்து எழுதி அனுப்பு. பெயரை நீயே வை. அவள் கையிலிருந்த தூக்குச்சட்டி வேண்டும், ஓடக்காரன் பாடிய பாட்டு வேண்டும், நடு ஆற்றில் செருப்பு ஒன்று தண்ணீரில் போகுமே, அதுவும் வேண்டும். ஒன்றையும் சுருக்காதே. கரையேற்றி, வெயிலில் நடக்கவிட்டு, அவன் வீட்டுக் கதவு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்து.

அங்கே நிறுத்திக்கொள். பூட்டியிருந்தது என்றும் எழுதாதே, திறந்திருந்தது என்றும் எழுதாதே. இன்னும் இரண்டு முழம் இருக்கிறது. அதை நான் நெய்துகொள்கிறேன்.

கலாவதிக்கும் பேரப்பிள்ளைக்கும் என் ஆசி.

அக்கா
ரேணுகாம்பாள்